இடப்பக்கம் மேலே

அச்சகத்தில் எல்லோரும் அவளை மார்ஜின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் விடுகிற வெள்ளை இடம் ஒரு நூலளவு கூடிவிட்டாலும் போதும், அன்றைக்கு முழுதும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

குழந்தைகள் புத்தகம் மட்டும் போடுகிற சின்ன அச்சகம் அது. கீழே பைண்டிங். மாடியில் முதலாளியின் அறையும், ஜன்னலோரம் அவளுடைய கம்ப்யூட்டரும். கதையையும் படத்தையும் சேர்த்துப் பக்கமாக்குவதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி.

அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. படத்தில் நடக்கிறவர்கள் அடுத்த பக்கத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். "திரும்பிப் பாத்து நடந்தா, குழந்தையும் கூடவே திரும்பிடும். புத்தகத்தை மூடி வச்சிடும்" என்பாள். படத்தில் யாராவது எதிர்த்திசையில் போனால் அந்தப் படத்தையே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டுவிடுவாள். கம்ப்யூட்டரில் ஒரே தட்டு.

"உன் புத்தகத்துல ஒரு நாய் திரும்பணும்னாக்கூட உன்கிட்ட மனு குடுக்கணும் போலிருக்கே, அக்கா" என்று பைண்டிங் அண்ணன் கேலி செய்வார். அவளைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான்.

"நாய்க்கு அறிவு இருக்கு, அண்ணே. உங்களுக்குத்தான் மனு தேவைப்படுது."

சிரிப்பாள். வீட்டுக்குப் போனால் அந்தச் சிரிப்பு வாசலிலேயே நின்றுவிடும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பிள்ளை இல்லை. டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்து ஓய்ந்தாயிற்று. விசேஷ வீடுகளில் நாத்தனார், யாரோடோ பேசுவது போல, "சில பேருக்குக் காகிதத்துலதான் குழந்தை" என்று இவள் காதில் விழும்படி சொல்வாள். உண்மையும் அதுதானே! எத்தனை எத்தனை காகிதக் குழந்தைகளை அவள் குளிப்பாட்டி, தலைவாரி, பக்கத்தில் உட்கார வைத்து உலகத்துக்கு அனுப்பியிருக்கிறாள்!

அந்தக் குழந்தைகளில் ஒருத்திக்குத்தான் அவள் கையாலேயே அந்தக் கொடுமை நடந்தது.

ஜப்பான் சார் என்று ஒருவர் அச்சகத்துக்கு வந்துபோவார். கப்பல் கம்பெனியில் கணக்கராகப் பதினோரு வருஷம் ஜப்பானில் இருந்தவர். அங்கே மொழியைப் படித்து, ஓய்வு பெற்றபிறகு ஏழு பழங்காலக் கதைகளைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். மூலப் புத்தகத்தின் படங்களை வரைந்தவர் எழுபத்தாறு வயதான ஓர் அம்மா. ஒரு காசு வேண்டாம், படங்களை மாற்றாமல் போட்டால் போதும் என்று கடிதம் எழுதி அனுமதி தந்திருந்தார்.

ஆறாவது கதையைப் படித்த அன்று மார்ஜின் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்தாள்.

ஒரு மலையூர். முதல் பனி விழும் நாளில் உயிரைக் கொண்டுபோக மேலுலகத்துத் தூதன் வருவான். அங்கே கிமோனோ என்ற, முன்பக்கம் திறந்த நீள அங்கியை உடுத்தும்போது, உயிரோடிருப்பவர்கள் தங்கள் இடப்பக்கத்துத் துணியை மேலே மடித்துக் கட்டுவார்கள். வலப்பக்கத்தை மேலே மடித்துக் கட்டுவது பிணத்துக்கு மட்டும். தூதன், காய்ச்சலில் கிடக்கும் ஏழு வயதுப் பெண்ணின் மடிப்பை ஓசையில்லாமல் மாற்றி வைப்பான். தாய் பழையபடி திருப்பிக் கட்டுவாள். அவன் மாற்றுவான், இவள் கட்டுவாள். கடைசியில் தாய் தன் தலைமுடியைப் பிடுங்கி, ஊசியில் கோத்து, இடப்பக்கம் மேலே இருக்கும்படி மடிப்பைத் தைத்தே விடுவாள். தூதன் விரல் நோகப் பிரித்துப் பார்த்து, தோற்றுப்போய்ப் பனியோடு பனியாகக் கரைவான். கடைசிப் படத்தில் அந்தப் பெண் வெள்ளைத் தரையில் கால் தடம் பதிய நடந்துபோவாள்.

அந்த முகம்! ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து, ஏதோ குறும்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவள் போல. மூன்று மாதம் மார்ஜின் அக்கா அந்த முகத்தோடுதான் குடித்தனம் நடத்தினாள். "நம்ம பொண்ணு" என்றுதான் சொல்வாள்.

ஜப்பானியப் புத்தகம் நாம் முடிக்கிற பக்கத்திலிருந்து தொடங்கும். அதனால் படத்தில் எல்லோரும் வலமிருந்து இடமாக நடந்தார்கள். நம் புத்தகத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெண் கதையை விட்டு வெளியே போவது போல இருந்தது. மார்ஜின் அக்காவுக்குப் பொறுக்குமா? படங்களை மாற்றக்கூடாது என்ற கடிதம் அவளுக்குத் தெரியும். ஆனால் திருப்புவது மாற்றுவதாகுமா? ஒரு கோடு அழியவில்லை, ஒரு நிறம் குறையவில்லை. என்றாலும் கடிதத்துக்கு மரியாதையாக மற்றக் கதைகளை அப்படியே விட்டு, 'நம்ம பொண்ணு' இருக்கிற ஆறாவது கதையின் படங்களை மட்டும் திருப்பினாள். மடிப்பைக்கூட மறக்காமல் பார்த்தாள். திரையில் இடது கைப்பக்கத்துத் துணிதான் மேலே இருந்தது. சரிதான் என்று மனதார நம்பி அச்சுக்கு அனுப்பினாள்.

கலர் அச்சு வெளியே முடிந்து, கீழே பைண்டிங்கும் ஆகி ஆயிரம் பிரதிகள் தயாராயின. சனிக்கிழமை மாலை வெளியீட்டு விழா. படம் வரைந்த அம்மாவே விமானம் ஏறி வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜப்பான் சார் படியேறி வந்தார். கையில் புத்தகம். வேர்த்துக் கொட்டியது.

"அம்மா, இந்தப் படத்தையெல்லாம் திருப்பினீங்களா?"

"ஆமா சார். அழகா வந்திருக்கில்ல? நம்ம பொண்ணு இப்ப கதைக்குள்ள நடக்கறா பாருங்க."

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். "உங்களைப் பாத்து நிக்கறவளோட இடது கை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார்.

அவள் தன் கையைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு வலப்பக்கம்மா மேல இருக்கு" என்றார் அவர். "முதல் படத்துலேருந்து கடைசிப் படம் வரைக்கும் அவ பிணத்துக்குக் கட்டற மாதிரி கட்டிக்கிட்டு நடக்கறா. கதையில அம்மா ஜெயிக்கறா. படத்துல அவன் ஜெயிச்சுட்டான்."

அவள் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இன்னும் ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்கலாம்னுதான் பாத்தேன்." அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "அது படத்துக்காகக் கற்பனை பண்ணின முகம் இல்லம்மா. படம் வரைஞ்ச அந்த அம்மாவோட சொந்தப் பொண்ணு. ஏழு வயசுல ஆஸ்பத்திரியில போயிடுச்சு. கடைசி வாரம் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கு. படத்துலயாவது உயிரோட நடக்கட்டும்னு அவங்க வரைஞ்சது. சனிக்கிழமை வந்து இதைத்தான் முதல்ல திறப்பாங்க."

ஐயோ! பெற்றவள் வருகிறாளே! கடல் தாண்டி, தன் மகள் இன்னொரு மொழியில் நடப்பதைப் பார்க்க வருகிறாளே! அவள் கையில் இதையா கொடுப்பது?

மார்ஜின் அக்கா முதலாளி அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். அது வரை அப்படிப் போனதில்லை.

"ஒரே ஒரு ஃபாரம் சார். பதினாறு பக்கம். ஒரு கதைக்கு ஒரு மடிப்புன்னு நானே கட்டியிருக்கேன், ஆறாவதை மட்டும் உருவிட்டு வேற வச்சுடலாம். மறுபடி அடிச்சுக் குடுங்க."

"எங்க அடிக்கறது? கலர் மிஷின்காரன் பன்னெண்டு நாளைக்கு நிமிர மாட்டேங்கறான்." முதலாளி கெட்டவர் இல்லை. களைத்தவர். "ஏம்மா, இடப்பக்கம் வலப்பக்கம்னு இந்த ஊர்ல யாரு பாக்கப் போறா?"

"பெத்தவ பாப்பா சார்."

"அது காகிதம்மா!"

"எனக்கும் காகிதம்தான் சார். வேற என்ன இருக்கு எனக்கு?"

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தைக் காட்டாமலே சொன்னார். "ஒண்ணு பண்ணு. அந்தப் பதினாறு பக்கத்தையும் சரி பண்ணி நம்ம ஆபீஸ் பிரிண்டர்ல எடு. ஒரே ஒரு புத்தகத்துல மாத்தி வச்சு அதை அந்த அம்மா கையில குடுத்துடுவோம். மத்தது கட்டோட கிடக்கட்டும். அவங்க ஞாயித்துக்கிழமை ஃப்ளைட் ஏறிடுவாங்க."

வேறு வழி? அவள் தலையாட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் கணவன் தையல் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாசல் அறையே அவன் கடை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாட்டியிருந்த ஒரு சட்டையை எடுத்து அவள் தோளில் வைத்து, முன்பக்கத்தை மூடிக் காட்டினான்.

"இது உன் இடது. உன்னைப் பாத்து நிக்கற எனக்கு இது வலது. துணியில எப்பவும் போட்டிருக்கறவங்க பக்கம்தான் கணக்கு. வேலைக்குச் சேந்த முதல் நாளே அறை வாங்கிக் கத்துக்கிட்ட பாடம் இது."

"எனக்குத் தெரியாதே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி."

அவன் குற்றம் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. மூன்று மாதம் ஒரே வீட்டில், தட்டு வைத்து எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்! எதிரில் இருக்கிறவனின் இடது கை எந்தப் பக்கம் என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கக் கூடாதா? சட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலே அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை முழுதும் பதினாறு பக்கத்துக்கும் உயிர் கொடுத்தாள். பைண்டிங் அண்ணன் ஒரு புத்தகத்தின் நடு நூலை அறுத்து, பழைய மடிப்பை உருவி, புதியதை வைத்துத் தைத்தார். அன்றைக்கு அவர் ஒரு கேலியும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. விழா மண்டபத்துக்குத்தான் வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா, ஜப்பான் சாரோடு அச்சகத்துக்கே வந்து நின்றார். பக்கம் கட்டினவரைப் பார்க்க வேண்டுமாம்.

மார்ஜின் அக்காவின் தோள் உயரம்கூட இல்லை. சாம்பல் நிறக் கோட்டு. விரல் நுனிகளில் கழுவினாலும் போகாத சாயம். முதலாளி ஓடிவந்து அந்த ஒற்றைப் பிரதியை இரண்டு கையாலும் நீட்டினார். அம்மா நின்றபடியே ஆறாவது கதையைத் திறந்தார். மகளின் முகத்தில் விரலை வைத்தார். கழுத்தில், மடிப்பில், பனியில் பதிந்த ஒவ்வொரு தடத்திலும். அப்புறம் என்னவோ சொன்னார்.

"'வழி தவறாம வந்து சேந்துட்டா'ன்னு சொல்றாங்க" என்றார் ஜப்பான் சார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அந்த அம்மா இடுப்பு வளையக் குனிந்து மார்ஜின் அக்காவை வணங்கினார். எழுபத்தாறு வயது! நிமிர வெகுநேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

மார்ஜின் அக்காவின் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் நாற்பது கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டிலும் இருபத்தைந்து புத்தகம், எல்லாவற்றிலும் அந்தப் பெண். பொய்யைச் சுமந்துகொண்டு அந்த வணக்கத்தை எப்படி வாங்குவது? வாங்கினால் ராத்திரி எப்படிக் கண்ணை மூடுவது?

"சார், உள்ளதைச் சொல்லிடுங்க."

"வேண்டாம்மா."

"நான் பண்ணின தப்பைச் சொல்லுங்க சார்."

"என்னால அதை அந்தப் பாஷையில சொல்ல முடியாது. எனக்கு வார்த்தை தெரியும். வாய் வராது." அவர் கெஞ்சினார். "நாளைக்குப் போயிடுவாங்க. சந்தோஷமாப் போகட்டும்."

"ஏம்மா, சும்மா இரு" என்று முதலாளி பல்லைக் கடித்தார். "வாயைத் திறந்தே, திங்கக்கிழமை இந்தப் படி ஏறாதே."

அவள் வாயைத் திறக்கவில்லை. போய் ஒரு கட்டின் கயிற்றை அறுத்தாள். புத்தகத்தை எடுத்து எண்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து அந்த அம்மாவின் முன்னால் பிடித்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நான். பிறகு இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்து, வலது கையை மேலே மாற்றினாள். நான்தான் இப்படிச் செய்தேன்.

மொழிபெயர்க்க ஒன்றும் மிச்சமில்லை.

அந்த அம்மா புத்தகத்தை வாங்கினார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். கடைசிப் படம் வந்ததும், அச்சு மையும் காகிதத் தூளும் கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டே வாக்கியம் சொன்னார். ஜப்பான் சார் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

"'அன்னிக்கு என் கையாலதான் அவளுக்குக் கட்டினேன். இப்படித்தான் இருந்தா.'"

மார்ஜின் அக்கா அவர் காலடியில் சரிந்தாள். "அம்மா, அம்மா" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அந்தச் சொல் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சாயம் படிந்த விரல் ஒன்று அவள் தலையைத் தொட்டது. உடனே எடுத்துக்கொண்டது. அது மன்னிப்பா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

அம்மா எழுந்து கட்டுகளைக் காட்டிக் கேட்டார். எல்லாவற்றிலும் இப்படித்தானா? ஆமாம் என்று ஜப்பான் சார் தலை குனிந்தார். இதில் ஒன்றுகூட ஒரு குழந்தை கைக்குப் போகக்கூடாது என்றார் அம்மா. மறுபடி அச்சடித்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்க முதலாளியால் முடியவில்லை; கையில் அதற்குப் பணம் இல்லை. அப்படியென்றால் தன் மகள் இந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் பெற்றவர்.

ஃபாரத்தை உருவுவது என்று முடிவாயிற்று. பைண்டிங் அண்ணன் முதலில் செய்து காட்டினார். நடுவில் நூலை அறுக்க வேண்டும். முதுகில் பசை பிடித்திருக்கும். அவசரப்பட்டால் அடுத்த கதையும் கிழியும். மெதுவாக, குழந்தை கையிலிருந்து எதையோ வாங்குவது போல இழுக்க வேண்டும். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கணவனும் கத்தரிக்கோலோடு வந்தான். முதலாளிகூடச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அந்த அம்மாவும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்! வேண்டாம் என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. தன் மகளைத் தானே ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முகம் தெரியாமல் குப்புற அடுக்கினார். மார்ஜின் அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்தவரின் இடது கை எந்தப் பக்கம் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. என்ன பிரயோஜனம்?

"பொருளடக்கத்துல ஆறாவது கதையோட பேரு இருக்கே. பின் அட்டையிலயும் ரெண்டு வரி இருக்கு. மை வச்சு அடிச்சிடலாமா?" என்று முதலாளி கேட்டார்.

அந்த அம்மா கையை நிறுத்தாமலே பதில் சொன்னார். பெயர் இருக்கட்டும் என்றார்.

மாலையில் விழாவுக்குப் போனவை அதற்குள் உருவி முடித்த புத்தகங்கள் மட்டும்தான். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை முடித்தார்கள். உருவின காகிதம் கூழாக்கப் போயிற்று. சரியாக இருந்த அந்த ஒற்றைப் பிரதியை அம்மா கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு விமானம் ஏறினார். அவரிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. ஜப்பான் சாரும் அதற்குப்பிறகு மொழிபெயர்க்கவில்லை.

திங்கட்கிழமை மார்ஜின் அக்கா படியேறினாள். முதலாளி பார்த்தார். அடுத்த புத்தகத்தின் தாள்களை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவள் இப்போது எந்தப் படத்தையும் திருப்புவதில்லை. யார் எந்தத் திசையில் நடந்தாலும் அப்படியே போட்டுவிடுகிறாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல்.

"எங்க புத்தகத்துல எண்பதுக்கு அப்புறம் தொண்ணூத்தேழு வருது. நடுவுல ஒரு கதையக் காணோம்."

"ஆமா கண்ணு. அச்சுல தப்பாயிடுச்சு, எடுத்துட்டோம். என் தப்பு."

"பின்னாடி அட்டையில போட்டிருக்கு, தூதன்கிட்டேருந்து பொண்ணைக் காப்பாத்தப் போராடற அம்மான்னு. அந்த அம்மா ஜெயிச்சாங்களா, ஆன்ட்டி?"

மார்ஜின் அக்கா ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஜெயிச்சாங்க."

"அந்தப் பொண்ணு உயிரோட இருக்காளா?"

"இருக்கா."

குழந்தைகளுக்கே உரிய நியாயத்தோடு அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப ஏன் அவளை எடுத்துட்டீங்க?"

குழந்தை இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்றது. பிறகு யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது, போன் வைக்கப்பட்டது. அதற்குப்பிறகும் அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.